மைதானமும் நாவலும்

1

பேட்டன் ரூஜ் என்ற ஊரின் பெயர் நம் வட்டத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால், அது ஒரு பத்திரிகையின் விலாசமாகத்தான் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரிலிருந்துதான் 1935 ஜூலையில் 'சதர்ன் ரெவ்யூ' வெளிவரத் தொடங்கியது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த க்ளியந்த் ப்ரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். யுடோரா வெல்டியின் ஆரம்பக் கதைகள் சில அதில் வந்தன. 1938-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி' என்ற பாடப்புத்தகம், கவிஞனின் ஜாதகத்தை விட்டுவிட்டு வரிகளைப் பார் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த நம்மில் பலருக்கு அந்தப் பாடம் நேராகவோ ஆசிரியரின் நோட்ஸ் வழியாகவோ வந்து சேர்ந்திருக்கிறது. 'எழுத்து' நாட்களில் செல்லப்பா வற்புறுத்திய அலசல் விமர்சனத்திலும் அந்தத் திசைக் காற்று உண்டு.

அமெரிக்காவில் ஒரு சாதாரண மனிதரிடம் இதே ஊரின் பெயரைச் சொன்னால் அவருக்குப் பத்திரிகை நினைவுக்கு வராது. சனிக்கிழமை இரவும், ஊதாவும் பொன்னிறமுமான சட்டைகளும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் டைகர் ஸ்டேடியமும் நினைவுக்கு வரும். அங்கே ஆடப்படுவது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, எதிராளியை உடம்பால் மோதிச் சாய்க்கிற அமெரிக்கக் கால்பந்து. ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்கிறவர்களில் பலர் மைதானத்துக்கு வருவதைத் தவிர அந்தக் கல்லூரியில் காலடி வைக்காதவர்கள்.

பத்திரிகையும் இந்தக் கூட்டமும் ஒரே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். ஒரே காலத்தில், ஒரே அரசியல்வாதியின் நிழலில் வளர்ந்தவை. படைப்பைச் சூழலிலிருந்து தனியே எடுத்து நிறுத்திப் பார்க்கச் சொன்ன ஒரு விமர்சனப் பள்ளி, சூழலைத் தவிர வேறெதுவுமே இல்லாத ஒரு மைதானத்தின் பக்கத்தில் உருவாகியிருக்கிறது. முரண் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்த மைதானம் இரண்டு நல்ல நாவல்களுக்குள் வந்திருக்கிறது: வாரனின் 'ஆல் த கிங்ஸ் மென்' (1946), எர்னஸ்ட் கெய்ன்ஸின் 'எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்' (1983). இரண்டிலும் அதைப் பின்னணி வர்ணனை என்று தாண்டிப் போவது வழக்கமாக இருக்கிறது. இரண்டு நாவல்களுமே தம் முடிவை அந்த மைதானத்தில்தான் எடுக்கின்றன என்பது என் வாதம். ஓர் ஊர் தன்னை 'நாம்' என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறது, அந்தச் சொல்லுக்கு என்ன விலை கொடுக்கிறது என்பதை, மைதானத்தை விட்டுவிட்டு இந்த நாவல்களில் படிக்க முடியாது.

2

பேட்டன் ரூஜ் மாநிலத் தலைநகரம், ஆற்றுத் துறைமுகம், 1909-இலிருந்து பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊர். அரசு குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளிகளும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் சேர்ந்த கலவை. சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறைக் கால்பந்து அணி லூசியானாவுக்கு 1967-இல்தான் வந்தது, அதுவும் நியூ ஆர்லியன்ஸுக்கு. அதுவரை முழு மாநிலத்துக்கும், இந்த ஊருக்கு அதற்குப் பிறகும், கல்லூரி அணிதான் சொந்த அணி. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வழியில்லாத தொழிலாளி அதன் நூலகத்தின் மேல் எந்த உரிமையும் கோர முடியாது. அணியின் மேல் கோரலாம். 'நாம் ஜெயித்தோம்' என்று அவன் சொல்லும்போது யாரும் அவனிடம் பட்டம் கேட்பதில்லை.

டைகர் ஸ்டேடியம் 1924-இல் திறக்கப்பட்டது. 1931-இல் நடந்த ஒரு காரியம் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ ஸ்மித்திடம் மாணவர் விடுதி கட்டப் பணம் இருந்தது. விளையாட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த ஹேர்ட் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: மைதானத்தின் பார்வையாளர் மாடங்களை உயர்த்திக் கட்டுங்கள், விடுதி அறைகளை அதற்கு அடியில் வையுங்கள். அப்படியே நடந்தது. பல பத்தாண்டுகள் மாணவர்கள் அந்த மாடங்களின் கீழேதான் படித்தார்கள், தூங்கினார்கள். ஒரு நாவலாசிரியன் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் குறியீடு அப்பட்டமாக இருக்கிறது என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

இரவு ஆட்டங்களும் அதே 1931-இல் தொடங்கின. பகல் புழுக்கத்தைத் தவிர்க்கலாம், நியூ ஆர்லியன்ஸ் கல்லூரிகளின் பகல் ஆட்டங்களோடு மோதவேண்டியதில்லை, ஆட்களும் கூடுதலாக வருவார்கள் என்பவை காரணங்கள். காரணங்கள் சில்லறையானவை; விளைவு அப்படி அல்ல. இருட்டில் ஆற்றங்கரையில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சமாக நிற்க, ஊர் முழுக்க அதற்குள் போகிறது. 1988 அக்டோபர் 8-ஆம் தேதி இரவு ஆபர்ன் அணிக்கு எதிராக 7-6 என்று ஜெயிக்கக் காரணமான பந்து பிடிபட்ட கணத்தில், பல்கலைக்கழகத்தின் நில அதிர்வுமானி ஓர் அதிர்வைப் பதிவு செய்தது. கூட்டத்தின் உற்சாகம் என்று நாம் எழுதுவது உவமை. அங்கே அது காகிதத்தில் விழுந்த கோடு.

இந்தக் கூட்டத்தின் சக்தியை முதலில் முழுமையாகப் புரிந்துகொண்டவன் ஹியூயி லாங். 1928-இலிருந்து ஆளுநர், 1932-இலிருந்து வாஷிங்டனில் செனட்டர், எங்கிருந்தாலும் லூசியானாவின் எஜமான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசப் புத்தகம் கொடுத்தவன், சாலைகளும் பாலங்களும் போட்டவன், எதிர்த்தவர்களின் வேலையைப் பறித்தவன். பல்கலைக்கழகத்தின் வாத்தியக் குழுவைப் பெரிதாக்கி அதன் முன்னால் தானே அணிவகுத்து நடந்தான். 1935-இல் அணிக்காக ஒரு பாட்டுக்கு வார்த்தை எழுதினான். 1934-இல் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். ரயில் கம்பெனியை மிரட்டி டிக்கெட் விலையைக் குறைக்கவைத்து ஆயிரக்கணக்கான மாணவர்களை அழைத்துப்போனான். வாண்டர்பில்ட் வாரன் படித்த கல்லூரி. அதே வருஷம்தான் வாரன் பேட்டன் ரூஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த டிசம்பரில், ஆட்டத்தின் இடைவேளையில் லாங் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்து வீரர்களிடம் பேசவேண்டும் என்றான். பயிற்சியாளர் பிஃப் ஜோன்ஸ் மறுத்தார், வேலையை விட்டார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1934 நவம்பரில் நடந்தது. லாங் விளையாட்டாகவோ வினையாகவோ அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் ஏப் மிக்கலை மாநில செனட்டராக நியமித்துவிட்டதாக அறிவித்தான். மிக்கல் பக்கத்து மாநிலத்துக்காரர், அந்தப் பதவிக்கு உரிய வயதும் ஆகாதவர். மாணவர்கள் நடத்திய 'ரெவெய்லி' பத்திரிகைக்கு இதைக் கண்டித்து ஒரு மாணவர் கடிதம் எழுதினார். லாங்குக்குத் தகவல் போயிற்று, அச்சு நிறுத்தப்பட்டது. தணிக்கையை எதிர்த்த ஏழு மாணவர்கள் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே பல்கலைக்கழகத் தலைவர் வாரனிடம் ஒரு தரமான இலக்கியக் காலாண்டிதழுக்குப் பணம் தருவதாகச் சொல்லி ஆதரவு கொடுத்தார். மாணவர்களின் பத்திரிகை நின்ற இடத்தில் பேராசிரியர்களின் பத்திரிகை பிறந்தது. இதை வைத்து ப்ரூக்ஸையும் வாரனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. பத்திரிகையின் உள்ளடக்கத்தில் லாங் கைவைத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் தூய இலக்கியம் என்று நாம் பேசும்போது, விலகி நிற்க இடம் கொடுத்தது எது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் பேசவேண்டும். 1936-இல் மாணவர்கள் தலைக்குக் கால் டாலர் போட்டு ஓர் உயிருள்ள புலியை வாங்கினார்கள், அணியின் சின்னமாக. 1942-இல் செலவைக் குறைக்கவேண்டும் என்று 'சதர்ன் ரெவ்யூ' நிறுத்தப்பட்டது. 1965-இல்தான் மறுபடி வந்தது. மைதானத்துக்கு எதிரே கூண்டில் புலி இன்றும் இருக்கிறது. புலிக்குப் புலி என்று ஊர் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறது.

3

'ஆல் த கிங்ஸ் மென்' ஹியூயி லாங்கின் கதையா என்ற கேள்வியில் விமர்சகர்கள் பல வருஷங்களைச் செலவழித்துவிட்டார்கள். இல்லை என்று வாரன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி எனக்கு அலுப்பாக இருக்கிறது. நாவலில் வில்லி ஸ்டார்க்குக்கு ஒரு மகன், டாம். மாநிலப் பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். இந்த மகன் ஏன் கால்பந்துக்காரனாக இருக்கிறான்? அழகான, திமிர் பிடித்த, குடிக்கிற, பெண்களோடு சுற்றுகிற ஒரு பையன் வேண்டும் என்றால் வேறு எப்படியும் ஆக்கியிருக்கலாம்.

கதையின் சங்கிலியைப் பார்க்கலாம். ஸ்டார்க் எல்லாரையும் விலைக்கு வாங்குகிறவன். ஒன்றை மட்டும் அழுக்குப் படாமல் கட்டவேண்டும் என்று நினைக்கிறான்: ஒரு பெரிய இலவச மருத்துவமனை. டாமினால் ஒரு பெண் விவகாரம் எழுகிறது. எதிரிகள் அதை ஆயுதமாக்குகிறார்கள். அதை அடக்க, மருத்துவமனைக் கட்டிடக் காண்டிராக்டை ஒரு திருட்டுக் காண்டிராக்டருக்குக் கொடுக்க வேண்டிவருகிறது. பிறகு டாம் கட்டுப்பாட்டை மீறுகிறான், பயிற்சியாளர் அவனை வெளியே உட்காரவைக்கிறார், ஸ்டார்க் நெருக்குகிறான், டாம் திரும்ப இறங்குகிறான், மைதானத்தில் கழுத்து முறிந்து கிடக்கிறான். நொறுங்கிய தகப்பன் காண்டிராக்டை ரத்து செய்கிறான். லாபம் இழந்தவர்கள் பழிவாங்கக் கிளப்பிவிட்ட ஒரு சொல்தான் ஆதம் ஸ்டான்டனின் கையில் துப்பாக்கியாகிறது. ஆளுநரின் கொலைக்குப் போகும் பாதை முழுக்க மைதானத்தின் வழியாகப் போகிறது. அரசியல் நாவல் என்று பெயர் வாங்கிய நாவலின் முடிச்சு சட்டசபையில் இல்லை.

வாரன் இங்கே ஒன்றைக் கண்டுவிட்டார். ஸ்டார்க் மகனின் மேல் வைத்திருக்கும் அன்பும் மாடங்களில் கத்துகிற கூட்டத்தின் அன்பும் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் பையன் வேண்டாம். பையனின் ஓட்டம் வேண்டும். கிராமத்திலிருந்து வந்து, இரவெல்லாம் சட்டப்புத்தகம் படித்து, அவமானப்பட்டு மேலே வந்த தகப்பனின் எல்லாக் கடன்களையும் அந்த உடம்பு அடைக்கவேண்டும். ஊரும் அதைத்தான் கேட்கிறது. ஏழை மாநிலம், படிப்பறிவு குறைந்த மாநிலம், வடக்கத்தியவர்கள் சிரிக்கிற மாநிலம் என்ற கணக்கையெல்லாம் சனிக்கிழமை இரவில் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் தீர்க்கவேண்டும். ஸ்டார்க் கொடியவன் என்பதால் மகனை அழிக்கவில்லை. ஊரில் எல்லாரும் பிறர் பிள்ளைகளிடம் செய்வதை அவன் தன் பிள்ளையிடம் செய்கிறான்.

இவ்வளவு பார்த்த வாரன் பார்க்காமல் விட்டதும் இருக்கிறது. கதை சொல்லும் ஜாக் பர்டன் ஆளுநரோடு சேர்ந்து உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவன். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் ஒரு சத்தம். முகம் இல்லை, பெயர் இல்லை. அந்த மாடங்களில் கறுப்பர்களுக்கு எந்த இடம், அணியில் ஏன் ஒரு கறுப்பன் இல்லை, ஊரின் வடக்குக் கோடியில் கறுப்பர்களுக்கு என்று இன்னொரு பல்கலைக்கழகமும் இன்னொரு அணியும் இருக்கிறதே என்பதெல்லாம் ஜாக்கின் கண்ணில் படவே இல்லை. சரித்திர ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன், கடந்தகாலத்தின் பாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக யோசிக்கிறவன். அந்த யோசனையில் மைதானத்தின் நிறம் வரவில்லை. நாவலின் சாதனையை இது அழித்துவிடாது. ஆனால் எந்த இருக்கையிலிருந்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு படிக்கவேண்டிய நாவல் இது.

4

நாவலிலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறேன். ஊரின் விசுவாசம் எதை நினைவில் வைக்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

பில்லி கேனன். தகப்பன் யுத்தகாலத்தில் எண்ணெய் ஆலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். பையன் ஆலையை ஒட்டிய வடக்குப் பகுதியில் வளர்ந்தவன். 1959 அக்டோபர் 31 இரவு, மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, வழியில் மோதியவர்களையெல்லாம் உதறிவிட்டு 89 கெஜம் ஓடினான். 7-3 என்று ஜெயம். அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது அவனுக்கு. அந்த ஓட்டத்தின் வானொலி வர்ணனையை அந்த ஊர் ஒவ்வோர் அக்டோபர் முடிவிலும் மறுபடி மறுபடி கேட்கிறது.

கேனன் பிறகு பல் டாக்டரானார். 1983-இல் கள்ளநோட்டு அடித்த கும்பலில் இருந்ததாகப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைக்குப் போனார். லட்சக்கணக்கான டாலர், எல்லாம் நூறு டாலர் நோட்டுகள். வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்குக் கள்ளநோட்டுக்காரன் மேல் எளிதில் இரக்கம் வராது. ஊருக்கு வந்தது. கல்லூரிக் கால்பந்தின் கௌரவப் பட்டியலில் அவருக்குக் கொடுக்கவிருந்த இடம் 1983-இல் பறிக்கப்பட்டு, 2008-இல் மறுபடி கொடுக்கப்பட்டது. 1995-இலிருந்து 2018-இல் சாகும்வரை அவர் அங்கோலா சிறையில் கைதிகளுக்குப் பல் மருத்துவராக இருந்தார். இப்போது மைதானத்தின் வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது.

இந்த மன்னிப்பைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. சட்டமும் சந்தையும் மனிதனை அவனுடைய கடைசிக் காரியத்தால் அளக்கின்றன. ஊர் அவனுடைய சிறந்த காரியத்தால் அளந்தது. ஒரு கவிஞனை அவனுடைய பத்து நல்ல வரிகளுக்காக நாம் சுமந்து திரிவதும் இதே நியாயத்தில்தான். ஆனால் இந்தத் தாராளம் யாருக்கு எட்டியது என்று கேட்கவேண்டும்.

1972. பல்கலைக்கழகத்தின் கால்பந்து உதவித்தொகை முதல் தடவையாக ஒரு கறுப்பு மாணவருக்குக் கிடைத்தது அதற்கு முந்தின வருஷம்தான். 1972-இல்தான் முதல் கறுப்பு ஆட்டக்காரர் அணிக்காகக் களமிறங்கினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக விளையாடக்கூடாது என்று 1956-இல் லூசியானா போட்ட சட்டம் 1959-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் அடிபட்டிருந்தது. சட்டம் செத்தும் பழக்கம் இன்னும் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது. அந்த நவம்பர் 4-ஆம் தேதி அதே மிசிசிப்பி அணியோடு ஆட்டம். ஒரே ஒரு நொடி பாக்கி இருக்கையில் எறிந்த பந்து பிடிபட்டு 17-16 என்று ஜெயித்தார்கள். உள்ளூர்க் கடிகாரம் வேண்டுமென்றே மெதுவாக ஓடியது என்று தோற்றவர்கள் இன்றும் சொல்கிறார்கள். லூசியானா எல்லையைத் தாண்டும்போது கடிகாரத்தை நான்கு நொடி பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வேடிக்கை அங்கே வழங்குகிறது. ஒரு நொடியைப் பற்றி ஐம்பது வருஷமாகப் பேச்சு.

பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 16 அன்று, ஊரின் வடக்கே உள்ள கறுப்பர்களின் சதர்ன் பல்கலைக்கழகத்தில், வசதிகளும் மாணவர் குரலுக்கு மதிப்பும் கேட்டுப் போராடிய மாணவர்களைக் கலைக்கப் போலீஸ் வந்தது. டென்வர் ஸ்மித், லெனர்ட் ப்ரவுன் என்ற இரண்டு மாணவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். யார் மேலும் வழக்கு நடக்கவில்லை. அந்த நொடிக்கு ஊரில் எந்த வேடிக்கையும் வழங்கவில்லை. தெற்குப் பக்கத்து நினைவில் அது ஏறவே இல்லை. சதர்ன் பல்கலைக்கழகத்துக்கும் அணி உண்டு, பேர்பெற்ற வாத்தியக்குழு உண்டு, பல்லாயிரம் பேரின் விசுவாசம் உண்டு. ஒரே ஊரில் இரண்டு 'நாம்' இருந்தன. தெற்கே இருந்தது தன்னை ஊர் என்று சொல்லிக்கொண்டது.

விசுவாசத்தின் கொடுமை அது வெறுக்கிறது என்பதில் இல்லை என்று எனக்குப் படுகிறது. எதிரணியை வெறுப்பது பாதி நாடகம். ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரணியாகக்கூட எண்ணிப் பார்க்காதவர்கள்தான் அதற்கு நிஜமாகவே வெளியே இருக்கிறவர்கள்.

5

எர்னஸ்ட் கெய்ன்ஸ் 1933-இல், பேட்டன் ரூஜுக்கு அக்கரையில் பாயின்ட் கூப்பே பகுதியின் ஒரு தோட்டத்துக் கூலிக் குடியிருப்பில் பிறந்தவர். கறுப்புப் பிள்ளைகள் உள்ளே போகும்படியான நூலகம் அங்கே இருக்கவில்லை. 1948-இல் கலிபோர்னியாவுக்குப் போனபிறகுதான் அவர் நூலகத்துக்குள் நுழைந்தார். பிறந்த ஊரின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர நினைத்திருந்தாலும் அந்த வயசில் அவருக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. அப்படிப்பட்டவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் அணியைத் தன் நாவலின் நடுவில் வைக்கிறார்.

'எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்' நாவலின் நிலைமை இது. கரும்புத் தோட்டத்தில் போ பூட்டன் என்ற வெள்ளையன் சுடப்பட்டுக் கிடக்கிறான். கறுப்புக் கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துப்பாக்கியோடு வந்து, நான்தான் சுட்டேன் என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஓடி ஒளிந்தவர்கள் கடைசியில் ஒரு நாள் நிற்கிறார்கள். செத்தவனின் தகப்பன் ஃபிக்ஸ் தன் ஆட்களோடு பழிவாங்க வருவான் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். முந்தின காலங்களில் அவன் வந்திருக்கிறான்.

அவனுடைய இன்னொரு மகன் கில், பல்கலைக்கழக அணியின் நட்சத்திரம். அவனோடு சேர்ந்து ஓடுகிறவன் கேல் ஹாரிசன், கறுப்பன். 'உப்பும் மிளகும்' என்று பத்திரிகைகள் இருவருக்கும் சேர்த்துப் பெயர் வைத்திருக்கின்றன. மறுநாள் மிசிசிப்பி அணியோடு ஆட்டம். தேசிய அளவில் சிறந்த ஆட்டக்காரன் என்ற பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கில் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் வேண்டாம் என்று சொல்கிறான். பழிவாங்கப் போனால் பெயர் நாறிவிடும், எல்லாம் போய்விடும் என்கிறான்.

இந்தப் பகுதியைச் சொல்கிறவன் சல்லி என்ற அணித்தோழன். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆட்டக்காரன். கெய்ன்ஸின் தேர்வு கூர்மையானது. வாரன் ஆளுநரின் பக்கத்து இருக்கையைக் கொடுத்தார். கெய்ன்ஸ் ஆடாதவனின் பெஞ்சைக் கொடுக்கிறார். அங்கிருந்து பார்த்தால் கில் உத்தமன் அல்ல. சாவுச் செய்தி வந்த கணத்தில் அவன் தன் கறுப்பு நண்பனிடமிருந்தே விலகுகிறவன். அவன் நீதிக்காகப் பேசவில்லை. தன் பட்டத்துக்காகப் பேசுகிறான். அந்தப் பட்டம் கிடைக்க கேல் வேண்டும். கேல் வழி உண்டாக்கினால்தான் கில் ஓட முடியும். ஒருவன் மோத, ஒருவன் ஓட என்ற கணக்கில் பிறந்த ஓர் ஒட்டுறவு அது. உபதேசங்களால் ஆகாதது அந்தக் கணக்கால் ஆகியிருக்கிறது.

ஃபிக்ஸை அரக்கனாக்காமல் விட்டதில்தான் நாவலின் பலம் இருக்கிறது. குடும்பமாகச் சேர்ந்து நின்றால்தான் தனக்கு அர்த்தம் என்று நம்புகிறவன் அவன். மகன்கள் எல்லாரும் வராவிட்டால் போகமாட்டேன் என்கிறான். போகவும் இல்லை. ஆனால் கில்லைத் துரத்திவிடுகிறான். போய் உன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடு என்கிற தொனியில். தன் ரத்தத்தைவிட ஊர்க்காரர்களின் கைதட்டல் மகனுக்குப் பெரிதாகிவிட்டது என்ற அந்தக் கிழவனின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நாவல் அதை மறுக்கவும் இல்லை. ஸ்டார்க் மைதானத்தில் மகனைக் கொன்றான். ஃபிக்ஸ் மைதானத்திடம் மகனைத் தோற்றான்.

நம் நவீனத்துவ விமர்சனம் கூட்டத்துக்கு எதிரே தனிமனித பிரக்ஞையை நிறுத்திப் பழகியது. கூட்டம் மூடமானது, தனிமனிதன் விழித்தவன் என்று ஒரு வாய்ப்பாடு. கெய்ன்ஸின் இந்த அத்தியாயம் அதற்குள் அடங்கவில்லை. இங்கே ஒரு பழைய விசுவாசத்தின் கையைப் பிடித்து நிறுத்துவது விழித்த பிரக்ஞை அல்ல, இன்னொரு விசுவாசம். அதுவும் சுயநலம் கலந்த, கைதட்டலுக்கு ஏங்குகிற, மலிவான ஒன்று. ஆனால் அது உயிர்களைக் காக்கிறது. முழுவதும் காக்கவில்லை. ஃபிக்ஸ் வராத இடத்தில் லூக் வில் என்ற ஒருவன் கும்பலோடு வருகிறான், துப்பாக்கிகள் வெடிக்கின்றன. குடும்பத்துக்கோ அணிக்கோ எதற்கும் கட்டுப்படாத கும்பல் அது. எந்த விசுவாசமும் இல்லாதவனைத்தான் கெய்ன்ஸ் மிகவும் பயப்படத் தகுந்தவனாகக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கேல் ஹாரிசனுக்கு இந்த நாவலில் பேச அத்தியாயம் இல்லை. இத்தனை குரல்கள் முறை வைத்துப் பேசும் நாவலில், 'மிளகு' மட்டும் பேசவில்லை. அந்த மைதானம் ஒரு கறுப்பனை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதை, அதாவது பட்டப்பெயரின் பாதியாக மட்டுமே ஏற்றுக்கொண்டது என்பதை, கெய்ன்ஸ் வேண்டுமென்றே இப்படிக் காட்டியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. கேல் அந்த ஆட்டத்தின் முந்தின இரவில் என்ன நினைத்தான் என்று தெரியாமல் இந்த ஊரின் 'நாம்' முழுசாகவில்லை.

6

2021 வரை இந்த ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது என்று கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதி இருந்தது. படிப்புச் செலவுதான் கூலி. அதே 2021-இல் இந்தப் பல்கலைக்கழகம் ஒரு பயிற்சியாளருக்குப் பத்து வருஷத்துக்குச் சுமார் 9.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2025 அக்டோபரில் அவரை நீக்கினார்கள். அடுத்தவரை யார் தேர்ந்தெடுப்பது, யார் கூடாது என்று மாநில ஆளுநரே பத்திரிகையாளர்கள் முன் பேசினார். வில்லி ஸ்டார்க்கைக் கற்பனைப் பாத்திரம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 10-ஆம் தேதி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் சதர்ன் பல்கலைக்கழகமும் டைகர் ஸ்டேடியத்தில் கால்பந்து ஆடின. ஒரே ஊரின் இரண்டு அணிகள் சரித்திரத்தில் முதல் தடவையாக. 65-17. பணமும் ஆளும் இருந்த பக்கம் ஜெயித்தது. அந்த எண்ணில் எனக்குச் சுவாரசியம் இல்லை. எதிரணி என்று எண்ணப்படுவதற்கே ஒரு பக்கம் இத்தனை காலம் காத்திருந்தது என்பதில்தான். அதே வருஷம் நவம்பரில், சுடப்பட்ட இருவரின் குடும்பங்களிடம் மாநில ஆளுநர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த மன்னிப்பு வந்த சமயத்திலேயே, பழைய எஃப்.பி.ஐ. காகிதங்களைத் தோண்டி, உயிரோடு இருந்த சாட்சிகளைத் தேடிப் பேசி, 1972 நவம்பர் 16-இல் என்ன நடந்தது என்று ஒரு கட்டுரைத் தொடர் வெளிவந்திருந்தது. எழுதியவர்கள் தெற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவர்கள். சனிக்கிழமைகளில் அவர்களில் சிலராவது ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போயிருப்பார்கள், கத்தியிருப்பார்கள். போகாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதங்களை இன்னும் நன்றாகப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. தன் ஊர் என்று நினைத்தவர்களுக்குத்தான் தன் ஊர் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் வந்திருக்கிறது. 1934-இல் நீக்கப்பட்ட ஏழு பேரின் வாரிசுகளாக அவர்களைத்தான் சொல்வேன்.

வாரனை மறுபடி படிக்கிறவர்கள் டாம் ஸ்டார்க் வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டாமல் படித்துவிட்டு, அதே சூட்டில் சல்லி பேசும் அத்தியாயத்தையும் படிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் முப்பத்தேழு வருஷம். மைதானம் அதுதான், எதிரணியும் பல தடவை அதுதான். உட்கார்ந்து பார்க்கிற இடம் மாறியிருக்கிறது. கேல் ஹாரிசனின் இருக்கையிலிருந்து எழுதப்பட்ட நாவல் ஒன்று வந்தால், இந்தக் கட்டுரையை அன்றைக்கு வேறு யாராவது திருத்தி எழுதட்டும்.